விடை வராத வினா

பல்லடத்தில் கூலி நெசவுக்கு விசைத்தறி ஓட்டும் ஒருவர், கைப்பேசிச் செயலி வழியாக நூல் வணிகருக்கு இருபதாயிரம் ரூபாய் அனுப்புவதாகக் கொள்வோம். பொத்தானை அழுத்திய மறுநொடி இணைப்பு அறுந்துபோகிறது. திரையில் சிறுவட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. பணம் போயிற்றா, இல்லையா?

கோரிக்கை வங்கியை எட்டாமலே போயிருக்கலாம். எட்டியும் வேலை பாதியில் நின்றிருக்கலாம். வேலை முழுதும் முடிந்து, விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். செயலிக்கோ மூன்றும் ஒன்றே, மௌனம். அம்மௌனத்தைத் தோல்வி எனக் கொள்வதே புதிதாக நிரல் எழுதுவோரின் முதற்பிழை.

பாதியில் நின்ற வேலையைத் தரவுத்தளமே சீர்செய்யும். பல மாற்றங்களை ஒரே பரிவர்த்தனையாகக் கட்டிவிட்டால், எல்லாம் நிகழும். அல்லது எதுவும் நிகழாது. இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான ஜிம் கிரே, 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்.

விடை தொலைந்த நிலைதான் கடினமானது. மீண்டும் அனுப்பினால் பணம் இருமுறை போகக்கூடும். அனுப்பாவிட்டால் போகாமலே இருக்கக்கூடும். இதற்குரிய வழி, தறிக்கூடத்துக்குப் பாவு வந்து இறங்கும்போது உடன்வரும் சீட்டைப் போன்றது. அதே எண்ணுள்ள சீட்டை மறுநாள் மீண்டும் நீட்டினாலும், கணக்கர் பேரேட்டில் இரண்டாவது வரி எழுதமாட்டார். அவ்வாறே செயலியும் அனுப்புவதற்கு முன்பே ஒரு தனி எண்ணை உருவாக்கித் தன்னிடம் சேமித்துக்கொள்ள வேண்டும். எத்தனை முறை முயன்றாலும் அதே எண்ணே செல்ல வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண் இட்டால் சீட்டே இல்லாததற்குச் சமம். வங்கியின் தரவுத்தளமும் பணத்தைக் கழிக்கும் அதே பரிவர்த்தனைக்குள் எண்ணைப் பதிய வேண்டும். தனித்தனியே பதிந்தால் இடையில் மின்சாரம் போகும் ஒரு நொடி போதும், எல்லாம் குழம்பிவிடும்.

மறுமுயற்சிகளுக்கும் இடைவெளி வேண்டும்: ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு. சனிக்கிழமை மாலை, கூலி வழங்கும் வேளையில் சேவை நின்று மீண்டால், எல்லாச் செயலிகளும் ஒரே நொடியில் முட்டி அதனை மறுபடி சாய்த்துவிடும். ஆதலால் இடைவெளியைச் சற்று முன்பின்னாகக் கலைத்துவிடுவர்.

இரு வங்கிகளுக்கோ பொதுவான ஒரே தரவுத்தளம் இல்லை. ஓரிடத்தில் கழிந்த பணம் மற்றோரிடத்தில் சேராமல் போகலாம். ஆகவே, 2016இல் தொடங்கிய யூபிஐ முறையில் அவ்வாறு தடைப்பட்ட தொகை அடுத்த நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது.