இரத்தச் சுத்திகரிப்பு நாட்களும் வயல் வேலையும்

வட மத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த உலர் வலயப் பகுதிகளிலும், 1990ஆம் ஆண்டுகளிலிருந்து நெற் செய்கையாளரிடையே ஒருவகை நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டு வருகின்றது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவரையும் இது பற்றுகின்றது. இதன் காரணம் இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. நோய் முற்றிச் சிறுநீரகங்கள் செயலிழந்தபின், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படாத நோயாளர் பலர், டயலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பினாலேயே உயிர் வாழ்கின்றனர். இச் சிகிச்சை நோயைத் தீர்ப்பதன்று. சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்வது மட்டுமேயாகும். ஆகவே, இதனை இடைவிடாது தொடர்தல் வேண்டும்.

நாட்களை ஒழுங்கு செய்தல்

பொறியினாற் செய்யப்படும் சுத்திகரிப்பு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 4 மணித்தியாலம் எடுக்கும். பொதுவாக வாரத்தில் 2 அல்லது 3 தடவை செய்யப்படும். போக்குவரத்தையும் சிகிச்சைக்குப் பின் ஏற்படும் களைப்பையும் சேர்த்தால், அந்நாள் முழுவதும் கழிந்துவிடும். விதைப்பும் அறுவடையும் நோயாளிக்காகக் காத்திருப்பதில்லை. எனினும் வேலை மிகுதியால் ஒரு முறையேனும் சிகிச்சையைத் தவறவிடலாகாது. உடலில் நீரும் பொற்றாசியமும் மிகுந்து, சுவாசமும் இதயமும் பாதிக்கப்பட்டு உயிராபத்து நேரிடலாம்.

எனவே போகம் தொடங்குமுன், குடும்பத்தார் சிகிச்சை நாட்களைக் குறித்துவைத்து வேலைகளைப் பகிர்ந்துகொள்ளல் நன்று. நீர்முறை அந்நாளில் வருமாயின், கமக்காரர் அமைப்பிற்கு முன்னரே அறிவித்து, அயல் வயற்காரருடன் முறையை மாற்றிக்கொள்ளலாம்.

கையைப் பேணுதல்

சிகிச்சைக்கென நாடியும் நாளமும் இணைக்கப்பட்ட கையினால் நெல் மூடை தூக்குதலோ, தெளிகருவி சுமத்தலோ கூடாது. மண்வெட்டி பிடிப்பதற்கு மருத்துவரின் அனுமதி பெறல் வேண்டும். அக்கையில் இறுக்கமான காப்போ கைக்கடிகாரமோ அணிதலும், இரத்த அழுத்தம் பார்த்தலும் ஆகா. இணைப்பு இடத்தில் உணரப்படும் அதிர்வை நாள்தோறும் தொட்டுப் பார்த்து, அது நின்றிருப்பின் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். விதை தெரிதல், நாற்றுமேடை பார்த்தல், கணக்கு எழுதுதல் முதலிய இலகுவான வேலைகளை நோயாளி உடல்நிலைக்கேற்பச் செய்யலாம்.

உணவும் நீரும்

வெயிலில் தாகம் எடுப்பினும், மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் நீர் அருந்தலாகாது. உப்பு குறைந்த உணவு தாகத்தைத் தணிக்கும். இளநீர், வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் பொற்றாசியம் மிகுதியாகும். மரக்கறிகளைச் சிறிதாக வெட்டி, நிறைந்த நீரில் அவித்து, அந்நீரை வடித்து ஊற்றிவிட்டால் பொற்றாசியம் குறையும். காமரங்காயை அறவே நீக்குதல் வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு அது நஞ்சாகும்.

வீட்டிற் செய்யும் சிகிச்சை

வயிற்றறையினுள் திரவம் செலுத்தி வடிக்கும் முறையை வீட்டிலேயே செய்யலாம். கையினால் மாற்றும் முறையில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 4 தடவை திரவம் மாற்றப்படும். இதனால் மருத்துவமனைப் பயணம் குறையும். ஆயினும் சேற்றுக் கையுடன் குழாயைத் தொடின் கிருமி தொற்றும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தூசியற்ற அறையில் இதனைச் செய்தல் அவசியம்.

நோயற்றோர் கவனத்திற்கு

நீர்க் கட்டுப்பாடு நோயாளிக்கே உரியது. நலமுள்ள கமக்காரர் வயலுக்குச் சுத்தமான குடிநீரைக் கொண்டுசென்று அடிக்கடி அருந்துதல் வேண்டும். இந்நோய் தொடக்கத்தில் நோவோ வேறு அறிகுறியோ காட்டாதிருக்கலாம். ஆதலால் நோய் காணப்படும் பகுதிகளில் உள்ளோர் காலந்தோறும் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிப்பித்தல் நன்று. முற்கூட்டியே அறியப்படின், நோய் முற்றுவதைத் தாமதிக்கச் செய்து, சுத்திகரிப்பு வேண்டப்படும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்கவும் கூடும்.