இதயமுடுக்கியும் காந்தப்புலமும்

மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து காட்பாடி வழியாக வேலூருக்கு மருத்துவம் நாடிச் செல்வோரில், இதயமுடுக்கி பொருத்திக்கொண்டு ஊர் திரும்பும் முதியவர்களும் உண்டு. அவர்களைச் சூழும் அச்சங்கள் பல. செல்பேசியைச் சட்டைப்பையில் வைக்கலாமா? உம்ராவுக்குச் செல்கையில் விமான நிலையச் சோதனை வாயிலைக் கடக்கலாமா? மௌத்தான பிறகும் கருவி துடித்துக்கொண்டே இருக்குமோ? இவற்றுக்கு விடை காண, அக்கருவி செய்யும் வேலை இன்னதென்று முதலில் அறிதல் வேண்டும்.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதல் இதயமுடுக்கி வைக்கப்பட்டது. வடிவமைத்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். பொருத்தியவர் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங். அக்கருவி சில மணி நேரமே இயங்கியது. ஆனால் அடுத்தடுத்துக் கருவிகளை மாற்றிக்கொண்ட லார்சன் 2001 வரை வாழ்ந்தார். அவ்விருவருக்கும் பின்னரே மறைந்தார்.

தொடக்கக் கருவிகள் செவிடானவை. இதயம் தானே துடித்தாலும் துடிக்காவிட்டாலும் அவை மின்துடிப்பை அனுப்பிக்கொண்டிருந்தன. தசை ஓய்வுக்குத் திரும்பும் நுண்ணிய கணத்தில் அத்துடிப்பு விழுந்தால் இதயத்தின் ஒழுங்கே குலையக்கூடும். 1960களில் வந்த கருவிகள் முதலில் செவிமடுத்தன: சில மில்லிவோல்ட் அளவேயான இதயத்தின் மின்குறியைக் கேட்டு, அது வராதபோது மட்டும் துடிப்பைத் தந்தன. பொறியியல் இதனைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் எழுதிய ‘கிதாபுல் ஹியல்’ நூலில், நீர்மட்டம் தாழ்ந்தால் தானே திறந்தும் நிறைந்தால் தானே மூடியும் கொள்ளும் அடைப்பான்கள் விளக்கப்பட்டுள்ளன. இதயமுடுக்கியே நம் முன்னோரின் கண்டுபிடிப்பு என்று இதைக்கொண்டு பெருமை பேசுவது முறையன்று. ஆயினும், விளைவை அறிந்து செயலைத் திருத்தும் கருவியை அவர்கள் தெளிவாகச் சிந்தித்திருந்தனர் என்பது மறுக்கவியலாதது.

இனி காந்தத்திற்கு வருவோம். வலுவான காந்தம் மார்பருகே வந்தால் பெரும்பாலான இதயமுடுக்கிகள் செவிமடுப்பதை நிறுத்தி, நிலையான வேகத்தில் துடிப்பைத் தருகின்றன. இது பழுதன்று, மருத்துவர் சோதித்தறிவதற்காகவே அவ்வாறு அமைத்துள்ளனர். காந்தம் விலகியதும் கருவி பழைய நிலைக்குத் திரும்பும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது மின்னதிர்ச்சி தந்து காக்கும் கருவியின் நிலை வேறு. காந்தத்தால் அக்காப்பே தற்காலிகமாக நின்றுவிடும். காந்தம் பொதிந்த ஐபோன் 12 அவ்வாறு செய்வதை அமெரிக்க மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டனர். ஆகவே செல்பேசியைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைப்பதே தக்கது. சோதனை வாயிலை இயல்பான நடையில் கடக்கலாம், அங்கே நிற்கலாகாது. கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியை மார்பின்மீது வைக்க வேண்டாமென்று, மருத்துவமனை தந்த அட்டையைக் காட்டிச் சொல்லலாம்.

தவாஃபின்போது நடை கூடினால் துடிப்பைக் கூட்டும் அசைவு உணரியும் பல கருவிகளில் உண்டு. ஆனால் அது அறிவது அசைவை மட்டுமே. உடலின் தேவையை அன்று. அரூர் பேருந்தின் குலுங்கலையும் அது நடையென்று கொள்ளக்கூடும்! இக்குறையைக் களையவே பல்கலைக்கழகங்கள் முயல்கின்றன. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், மின்கலம் இல்லாத, உடலுக்குள் கரைந்துவிடும் தற்காலிக இதயமுடுக்கியை அறிவித்தனர். வெளியிலுள்ள கம்பிச்சுருளின் மாறும் காந்தப்புலமே அதற்கு மின்னாற்றல் தருகிறது. முன்பு அஞ்சப்பட்ட காந்தப்புலம் இங்கே ஊட்டமாகிறது. 2022இல், தோலின்மேல் ஒட்டும் உணரிகள் மூச்சு, வெப்பம் முதலியவற்றை அளந்து அதன் வேகத்தைத் திருத்தும் ஏற்பாட்டையும் அவர்கள் சேர்த்தனர்.

மௌத்தைப் பற்றிய கேள்வி எஞ்சியுள்ளது. உயிர் பிரிந்த பின்னும் கருவி துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் உயிரற்ற தசை அதற்கு மறுமொழி தராது. ஆகவே கருவியால் மரணம் தள்ளிப்போவதோ உயிர் பிரிவது கடினமாவதோ இல்லை. எரியூட்டுவோர், மின்கலம் வெடிக்கும் என்பதால் கருவியை முன்னரே அகற்றிவிடுவர். நல்லடக்கத்தில் அத்தேவை எழுவதில்லை. ஜனாஸாவை அப்படியே கப்ரில் வைக்கலாம்.