திட்டங்களின் வெற்றி முகாமையாளரின் பண்புகளிலும் தங்கியுள்ளது

அபிவிருத்தித் திட்டம் ஒன்று இடைநடுவில் தடைப்படும்போது நிதிப் பற்றாக்குறை, சீரற்ற காலநிலை, ஒப்பந்தக்காரரின் அசமந்தப்போக்கு எனப் பல காரணங்கள் முன்வைக்கப்படுவது வழக்கம். ஆனால், அத்திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் எத்தகைய பண்புகளைக் கொண்டிருந்தார் என்ற கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். குறித்த காலத்தினுள், குறித்த செலவில், குறித்த தரத்துடன் பணியை முடிப்பதே திட்ட முகாமையாளரின் கடமையாகும். இம்மூன்றையும் கணக்கிடுவதற்குக் கல்வித் தகைமை உதவும். மனிதர்களைக் கொண்டு அவற்றை நிறைவேற்றுவதற்கோ வேறு திறன்கள் வேண்டும். அவற்றையே மென்திறன்கள் என்கின்றனர்.

இதற்கு நமது நாட்டிலேயே சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. அம்பாறை மாவட்டத்தின் கல்லோயாத் திட்டம், சுதந்திரத்தின் பின்னர் உருவான முதலாவது பாரிய நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டமாகும். 1956ஆம் ஆண்டின் இன வன்செயலால் கறைபட்ட மண்ணும் அதுவே. 1970களின் இறுதியில் அதன் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து கிடந்தன. மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகளும் கடைக்கோடியில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தனர். நீர் கடைக்கோடியை அடைவதே அரிதாக இருந்தது. விவசாயிகள் அதிகாரிகளை நம்பவில்லை. அதிகாரிகளும் விவசாயிகளை மதிக்கவில்லை.

அமெரிக்க உதவியுடன் புனரமைப்பு ஆரம்பமானபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் வித்தியாசமான வழியொன்றைக் கையாண்டன. 1981இல் இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். அவர்கள் உத்தரவிடவில்லை. வீடு வீடாகச் சென்று விவசாயிகளின் குறைகளைச் செவிமடுத்தனர். சங்கம் அமைத்துவிட்டு வேலை தேடாமல், முதலில் வேலையைத் தொடங்கிப் பின்னரே அமைப்பை உருவாக்கினர். விவசாயப் பிரதிநிதிகள் வாக்கெடுப்பின்றி, அனைவரது இணக்கத்துடனும் தெரிவுசெய்யப்பட்டனர்.

அவ்வாண்டு சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் ஏறத்தாழக் காற்பங்கே நிறைந்திருந்தது. ஆயினும், சில வாரங்களுக்குள்ளேயே விவசாயிகள் வாய்க்கால்களைத் தாமே துப்புரவு செய்து, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிச்சப்படுத்திய நீரைக் கீழ்ப்பகுதியினருக்கு விட்டுக்கொடுத்தனர். அமைப்பாளர்களுள் பலர் நிரந்தர நியமனம் கிடைத்ததும் விலகிச் சென்றனர். எனினும் பணி நின்றுவிடவில்லை. பொறுப்பு ஏற்கனவே விவசாயிகளின் கைகளில் சேர்ந்திருந்ததே அதற்குக் காரணமாகும்.

இவ்வனுபவத்திலிருந்து திட்ட முகாமையாளருக்கு வேண்டிய பண்புகளை நாம் இனங்காணலாம். முதலாவது, செவிமடுக்கும் பொறுமை. எந்த மதகு எந்த இரவில் களவாகத் திறக்கப்படுகின்றது என்பதை வரைபடம் கூறாது, வயற்காரனே கூறுவான். இரண்டாவது, பக்கச்சார்பின்மை. பங்கீடு நியாயமானது என்ற நம்பிக்கை இருந்தால் மாத்திரமே மேற்பகுதி விவசாயி தனது மதகை மூடுவான். மூன்றாவது, பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் மனப்பாங்கு. எல்லா முடிவுகளையும் தன்னிடமே வைத்திருப்பவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், திட்டமும் அவருடனேயே சென்றுவிடும்.

நான்காவது, நேர்மையான தொடர்பாடல். தாமதத்தையும் தவறையும் மேலிடத்துக்கு உரிய வேளையில் அறிவிக்கும் துணிவு முகாமையாளருக்கு வேண்டும். அதேவேளை, கீழ்நிலை ஊழியர் தன்னிடம் கெட்ட செய்தியை அச்சமின்றிக் கொண்டுவரும் சூழலையும் அவர் ஏற்படுத்த வேண்டும். மறைக்கப்பட்ட சிறு வெடிப்பே பின்னர் அணையை உடைக்கின்றது.

மென்திறன்கள் அலங்காரப் பொருள்கள் என எண்ணுவோருக்கு 1997ஆம் ஆண்டுச் சிறுபோகம் தக்க பதிலாகும். இடதுகரையில் நெற்செய்கைக்கு நீர் போதாது என அவ்வாண்டு அறிவிக்கப்பட்டது. ஆனால், விவசாய அமைப்புகள் நீரைச் சிக்கனமாகவும் சமமாகவும் பங்கிட்டு, 65,000 ஏக்கரிலும் வழமையிலும் சிறந்த விளைச்சலைப் பெற்றதாகக் கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். யுத்தம் உக்கிரமடைந்திருந்த அக்காலத்தில், மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் கீழ்ப்பகுதித் தமிழ் விவசாயிகளுடன் நீரைப் பகிர்ந்துகொண்டனர். புனரமைப்புப் பணி 1985இல் நிறைவுற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த பின்னரும் அது விதைத்த நம்பிக்கை பலன் தந்தது.

கொங்கிரீட்டும் இரும்பும் இல்லாமல் கல்லோயா சீரடைந்திருக்காது என்பது உண்மையே. ஆனால் அவை மாத்திரம் போதியனவாக இருக்கவில்லை. எனவே, திட்டப் பணிப்பாளர்களைத் தெரிவுசெய்யும்போது பட்டத்தையும் சேவைமூப்பையும் மாத்திரம் அளவுகோலாகக் கொள்வது போதாது. மக்களின் மொழியில் அவர்களுடன் உரையாட வல்லவரா, மாற்றுக் கருத்தைச் சகிப்பவரா, வாக்குறுதியைக் காப்பவரா என்பனவும் ஆராயப்பட வேண்டும். இப்பண்புகள் பிறவியிலேயே வாய்ப்பவை எனக் கருத வேண்டியதில்லை. கல்லோயாவின் இளைஞர்கள் பயிற்சியாலும் களத்தில் வாழ்ந்த அனுபவத்தாலுமே அவற்றைப் பெற்றனர். அத்தகைய பயிற்சியை வழங்குவது அரசினதும் திணைக்களங்களினதும் கடமையாகும். திறப்புவிழாப் பெயர்ப்பலகை காலப்போக்கில் மங்கிவிடும். மக்களிடம் ஏற்படுத்தப்பட்ட நம்பிக்கையே திட்டத்தை வாழவைக்கும்.