பனியனுக்கு ஆகாத பஞ்சு காயத்துக்கு ஆகும்

திருப்பூர் பனியனுக்காக நூற்பாலையில் கழித்த பஞ்சுதான், மருந்துக்கடையில் நீலக் காகிதத்தில் சுற்றி விற்கும் பஞ்சாகவும் மாறுகிறது. பருத்தி போடும் நம்மில் பலருக்கே இது தெரியாது.

நல்ல பனியன் துணிக்கு இழை நீளமாகவும் சீராகவும் இருக்க வேண்டும். அதற்காக ஆலைகளில், தலை வாருவதுபோலப் பஞ்சை கோம்பிங் இயந்திரத்தில் சீவுகிறார்கள். நூறு கிலோவுக்கு 12 முதல் 18 கிலோ வரை குட்டை இழை கழியும். 'கோம்பர் வேஸ்ட்' என்பார்கள். பெயரில்தான் வேஸ்ட், மருத்துவப் பஞ்சு செய்பவர்களுக்கு அதுவே மூலப்பொருள்.

பருத்தி இழையில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். குளுக்கோஸ் மணிகளைச் சங்கிலியாகக் கோத்துச் செடியே செய்யும் பாலிமர் இது. தண்ணீரை நன்றாக ஈர்க்கும். ஆனால், காயிலிருந்து எடுத்த பருத்தியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். இழையின் மேல் சுமார் ஒரு சதவீதமே உள்ள மெழுகு, தண்ணீரை அண்டவிடாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்தால், அதே பஞ்சு 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். ஒரு கிராம் பஞ்சு குறைந்தது 23 கிராம் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். மருத்துவப் பஞ்சுக்கான தர அளவு இது. எனவே, தோட்டத்தில் கை கிழிந்தால் செடியில் இருந்து பஞ்சைப் பிய்த்து வைக்காதீர்கள். ரத்தத்தை உறிஞ்சாது, தூசியும் பூச்சிமருந்தும்தான் காயத்தில் சேரும்.

இந்தப் பஞ்சைக் காஸ் துணிகளுக்கு நடுவே வைத்துக் காயம் கட்டும் முறையை, 1880-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர அறுவை மருத்துவர் சாம்ப்சன் காம்ஜி கொண்டுவந்தார். நம் மாநிலத்தில் ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கோவை சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கென்றே தனி ஆய்வு மையம் இருக்கிறது.

ஒரு குறையும் உண்டு. செல்லுலோஸைச் செரிக்கும் நொதி மனித உடலில் இல்லை. வயிற்றுக்குள் மறந்து விடப்பட்ட காஸ் துணி தானாகக் கரையாது. அதனால்தான் அறுவை அரங்கில் காஸை எண்ணி எடுக்கிறார்கள்; எக்ஸ்ரேயில் தெரியும் இழையையும் அதில் சேர்க்கிறார்கள். அதே செல்லுலோஸை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டால் ரத்தக் கசிவை நிறுத்தும், உடலுக்குள்ளேயே கரைந்தும் போகும். பருத்தியும் மரக்கூழும் போய்ச் சேரும் விலை உயர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று.

இனி நம் பக்கம். ஓர் ஏலக் களத்தில் வியாபாரி ஒருவர் குவியலுக்குள் கைவிட்டு, நீல நிற பிளாஸ்டிக் இழை ஒன்றை உருவி எடுத்ததைப் பார்த்தேன். உரச்சாக்கின் இழை. பருத்தி நல்ல வெள்ளை, ஆனாலும் விலை இறங்கிவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாலிபுரொப்பிலீன் இழை காஸ்டிக்கில் கரையாது, பெராக்சைடில் வெளுக்காது. ஆலையில் துணுக்கு துணுக்காக உடைந்து பனியனுக்கும் போகும், காயத்தில் வைக்கும் பஞ்சுக்கும் போகும்.

ஆகவே, பருத்தி எடுக்கும்போது பழைய வேட்டி, சேலை போன்ற பருத்தித் துணியையே மடியாகக் கட்டுங்கள். பனி காய்ந்த பிறகு எடுங்கள். எடுப்பவர்கள் தலையில் துணி கட்டினால் முடி விழாது. கறைபட்ட கொட்டு ரகத்தைச் செடியிலேயே தனியாகப் பிரியுங்கள். களத்தில் வந்து பிரிப்பது இரட்டை வேலை.

மருத்துவப் பஞ்சுக்கென்றே நாட்டுப் பருத்தி போடலாமா என்று கேட்கிறார்கள். குட்டையான, தடித்த இழை இதற்குப் பொருந்தும். மகாராஷ்டிரத்தில் புலே தன்வந்தரி என்ற நாட்டு ரகம் இதற்கென்றே வெளியிடப்பட்டது. பூச்சியையும் வறட்சியையும் நாட்டுப் பருத்தி ஓரளவு தாங்கும். ஆனால், மலிவான கோம்பர் வேஸ்ட் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் இந்த வட்டாரத்தில், உங்கள் பருத்திக்கு யார் கூடுதல் விலை தருவார்கள்? வாங்குபவரையும் விலையையும் எழுத்தில் உறுதி செய்யாமல் விதைக்க வேண்டாம். ஆசைக்கு ஓர் அரை ஏக்கர் போட்டுப் பார்ப்பது வேறு.