கம்பெனி எடுக்கச் சொன்ன படம், கம்பெனிக்கே வில்லங்கம்!

வானத்தில் பறந்து நகரம் வளர்வதைப் பிடித்த கேமராக்காரர்

வீடு கட்டும் கம்பெனி ஒன்று கூலி கொடுத்து, விமானத்தில் இருந்து போட்டோ எடுக்கச் சொன்னது. கடைசியில் அந்தப் படங்களே அந்த வீடுகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லின!

அமெரிக்காவில் நடந்த கதை இது. படம் எடுத்தவர் வில்லியம் கார்னெட். 1916-ல் சிகாகோவில் பிறந்தவர். கலிபோர்னியா மாநிலம் பசடேனா நகரப் போலீசில் போட்டோகிராபராக இருந்தார். 2-ம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்தார்.

போர் முடிந்து ஊர் திரும்ப, ராணுவ விமானத்தில் இடம் கிடைத்தது. மேலே இருந்து எட்டிப் பார்த்தவர் சொக்கிப் போனார். பிறகு என்ன? விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஓட்டுவதும் அவரே, படம் எடுப்பதும் அவரே! வாழ்நாளில் 10 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கிறார்.

நாளைக்கு 50 வீடு

1950-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே லேக்வுட் என்ற இடத்தில், பயிர் விளைந்த நிலத்தில் வீடு கட்டத் தொடங்கினார்கள். சுமார் 3 ஆண்டுகளில் 17 ஆயிரத்து 500 வீடுகள்! ஒரு கோஷ்டி பள்ளம் தோண்டும். அடுத்த கோஷ்டி சிமெண்டு போடும். இன்னொன்று மரச்சட்டம் அடிக்கும். இப்படி நாளைக்கு 50 வீடு. வாங்க வந்த ஜனங்கள் கியூவில் நின்றார்கள்.

மண்ணைச் சமப்படுத்தியது முதல் கூரை போட்டது வரை ஒவ்வொன்றையும் கார்னெட் படம் எடுத்துக் கொடுத்தார். தீப்பெட்டி அடுக்கினாற்போல ஒரே மாதிரி வீடுகள். மருந்துக்குக்கூட மரம் இல்லை. படம் அழகுதான். ஆனால் பார்த்தவர்களுக்குப் பகீர் என்றது. கார்னெட்டுக்கே இந்த வேலை மனசுக்குப் பிடிக்கவில்லை.

வந்தது வினை

1964-ல் பீட்டர் பிளேக் என்பவர், நாட்டை நாசமாக்குகிறார்கள் என்று சாடி 'காட்ஸ் ஓன் ஜங்க்யார்ட்' என்ற புத்தகம் போட்டார். அதில் லேக்வுட் படங்கள் இடம் பெற்றன. "நகரம் இப்படித்தான் கண்டபடி பரவுகிறது" என்று காட்ட, பலரும் அவற்றையே எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் லேக்வுட்டிலேயே பிறந்து வளர்ந்து, பெற்றோர் வாங்கிய வீட்டில் வாழ்ந்த எழுத்தாளர் டி.ஜே.வால்டி இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1996-ல் 'ஹோலி லேண்ட்' என்ற புத்தகம் எழுதினார். படத்தில் மனிதர்களே இல்லை, உள்ளே குடியிருந்தவர்களின் வாழ்க்கை வானத்தில் இருந்து தெரியாது என்பது அவர் கட்சி.

அதுவும் நியாயம்தான். போரில் இருந்து திரும்பிய சிப்பாய்க்கும், பாக்டரித் தொழிலாளிக்கும் சொந்த வீடு கிடைத்தது அங்கேதான். கறுப்பின மக்களுக்கு மட்டும் அப்போது வீடு விற்கவில்லை. இந்த இரண்டுமே படத்தில் தெரியாது!

கார்னெட் 1968 முதல் 1984 வரை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 2006-ல் 89 வயதில் காலமானார். லேக்வுட் படங்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி மியூசியத்தில் உள்ளன. ஒரு மரம்கூட இல்லாத அந்தத் தெருக்களில், இப்போது மரங்கள் ஓங்கி வளர்ந்து நிற்கின்றன.