கதவு எண் டிசம்பர் ஆன கதை

எங்கள் தெருவில் 7/12 என்று ஒரு வீடு. புது எண் 7, பழைய எண் 12. சென்னைவாசிகளுக்கு இதில் குழப்பமே இல்லை. குழம்பியது எக்செல்தான்.

2024-ல் குடியிருப்போர் சங்கத்துச் சந்தாப் பட்டியலைக் கணினியில் ஏற்றினோம். 7/12 என்று அடித்து என்டர் தட்டியதும் அந்த வீடு டிசம்பர் 7 ஆகிவிட்டது. பொருளாளர் விடவில்லை. செல்லின் ஃபார்மட்டை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினார். டிசம்பர் போய் 45633 வந்து உட்கார்ந்தது.

“பின்கோடுன்னு வெச்சுக்கலாம்னா ஒரு எண் குறையுதே சார்” என்றார்.

எக்செலுக்குத் தேதி என்பது வெறும் நாள் கணக்கு. 1900 ஜனவரி 1-க்கு எண் 1. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 2024 டிசம்பர் 7-க்கு 45633. (இந்தக் கணக்கிலும் ஒருநாள் கூடுதல். 1900-ல் பிப்ரவரி 29 கிடையாது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் அதை இருப்பதாகக் கொண்டது. அதனோடு ஒத்துப்போகவேண்டும் என்று எக்செலும் தெரிந்தே அந்தத் தவறை ஏற்றுக்கொண்டது.) வருடம் நாம் சொல்லாததால் நடப்பு வருடத்தைத் தானே போட்டுக்கொண்டது. ஆக, என்டர் தட்டிய பிறகு அந்தச் செல்லுக்குள் 7/12 என்பதே இல்லை. இல்லாததை எந்த ஃபார்மட்டும் திருப்பித் தராது. நம்மில் பலர் இடறுவது இந்த இடத்தில்தான்.

17/42 வீட்டுக்காரர் தப்பித்தார். அதில் எந்த எண்ணும் மாதமாக முடியாது. பட்டியலில் பாதி சரியாக இருந்ததால்தான் மீதியைக் கவனிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

சங்கத்துப் பட்டியல் போனால் போகட்டும். மரபணு ஆய்வாளர்களும் இதே குழியில் விழுந்தார்கள். ‘செப்ட்2’, ‘மார்ச்1’ என்ற குறியீடுகள் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிவிடும். 2004-லேயே இதை எச்சரித்து ஒரு கட்டுரை வந்தது. 2016-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் மரபணுப் பட்டியல் இணைத்த 3,597 ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்தார்கள், 704-ல் பிழை. கடைசியில் இறங்கிவந்தது எக்செல் அல்ல, அறிவியல். மரபணுப் பெயர்க் குழு 2020-ல் புதிய நெறிமுறை வெளியிட்டு, மார்ச்1-ஐ ‘மார்ச்எஃப்1’ என்றும் செப்ட்2-ஐ ‘செப்டின்2’ என்றும் ஆக்கியது. எனக்கு இது அவமானமாகவே படுகிறது.

தேதியோடு நிற்பதில்லை. வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். 12 இலக்க ஆதார் எண் ஒரு தசம எண்ணாகி, பக்கத்தில் ஒரு ‘இ’-யோடு சுருங்கும். இது தோற்றம் மட்டும்தான்; ஃபார்மட்டை ‘நம்பர்’ ஆக்கினால் திரும்பிவிடும். ஆனால் 16 இலக்க அட்டை எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது. அது போனது போனதுதான்.

பரிகாரம் எளிது, ஆனால் முன்கூட்டியே செய்யவேண்டும். அடிப்பதற்கு முன் அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். ஓரிரு செல் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போதும். அது அச்சில் வராது. செல்லின் இடது மேல் மூலையில் பச்சை முக்கோணம் தோன்றி ‘எண்ணாக மாற்றட்டுமா’ என்று கேட்கும். ஆர்வக்கோளாறில் சரி என்று சொல்லிவிடாதீர்கள், பூஜ்யங்கள் மறுபடி பறந்துவிடும். சிஎஸ்வி கோப்பு வந்தால் இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், ‘டேட்டா’ பட்டியல் வழியாக உள்ளே கொண்டுவந்து, எது டெக்ஸ்ட் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மனமிரங்கி, இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் வசதியைக் கொடுத்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் கிடைக்கும். பூஜ்யம் தப்பும், மார்ச்1 தப்பும். ஆனால் எழுத்தும் எண்ணும் ஒட்டி வந்தால்தான் தேதி மாற்றத்தை அது தடுக்கும். சாய்கோடு போட்ட கதவு எண்ணுக்கு அதில் இடமில்லை. 7/12-க்கு இன்றும் மேற்கோள் குறிதான்.