அட்டைப் பெட்டிக்குள் ஓர் உலகம்

நாற்காலியில் உட்கார்ந்தபடியே உச்சியிலிருந்து தலைகுப்புற விழ முடியுமா? நான் விழுந்தேன்! அதுவும் கரிசல் காட்டுச் சமவெளியில் இருக்கும் சிவகாசியில், ஓர் அச்சகத்துக்குள்ளே.

அங்கே என்னிடம் ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்தார்கள். பார்வைக்குப் பட்டாசுப் பெட்டி போலத்தான் இருந்தது. முன்புறம் இரண்டு லென்சுகள். உள்ளே ஒரு செல்பேசி. "கண்ணோடு ஒட்டிப் பிடியுங்க சார்" என்றான் அங்கே வேலை பார்க்கும் இளைஞன். பிடித்தேன்.

அச்சகம் மறைந்தது! வானளாவிய தண்டவாளத்தின் உச்சியில், ஒரு ராட்டினப் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பினால் மரங்கள், நிமிர்ந்தால் மேகம். பெட்டி சரிந்து பாய்ந்தது. கம்பியைப் பிடிக்க ஒரு கையை நீட்டினேன். அகப்பட்டதோ ஒரு காலண்டர் கட்டு! சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் புரட்டியது.

இதைத்தான் 'மெய்நிகர் காட்சி' என்கிறோம். இல்லாத இடம் இருப்பதுபோல் தோன்றியது எப்படி?

கண்ணை ஏமாற்றும் வித்தை

ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரலை முகத்துக்கு எதிரே நீட்டுங்கள். இடக் கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவுகிறது அல்லவா? நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. தூரம் உண்டு. ஆகவே இரண்டும் சற்றே வேறுபட்ட படங்களைப் பார்க்கின்றன. மூளை இவற்றை இணைத்து, எது அருகில், எது தொலைவில் என்று கணிக்கிறது.

இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-ல் இதை விளக்கினார். இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கருவியையும் அமைத்தார். அட்டைப் பெட்டியிலும் அதே தத்துவந்தான். செல்பேசித் திரை இரண்டு படங்களைக் காட்டுகிறது. கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் அவற்றை லென்சுகள் தொலைவில் இருப்பதுபோல் தெளிவாக்குகின்றன.

தலையைத் திருப்பினால் காட்சியும் மாற வேண்டுமே! செல்பேசிக்குள் உள்ள நுண்ணிய உணர்கருவிகள் அந்த அசைவை அளக்கின்றன. 1968-ல் அமெரிக்காவின் ஐவன் சதர்லாந்து இதைச் செய்து காட்டியபோது, கருவியின் கனம் தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட நேர்ந்தது! 2014-ல் கூகுள் நிறுவனம் மடித்த அட்டையிலேயே இதை அடக்கிவிட்டது. அட்டையை வெட்டி மடிப்பது சிவகாசிக்குக் கைவந்த கலை அல்லவா?

வயிறு ஏன் புரட்டியது?

நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள திரவத்தின் அசைவால் தலை சுழல்வதை மூளை அறிகிறது. கண், "பாய்கிறாய்" என்றது. காது, "சும்மா இருக்கிறாய்" என்றது. இந்தச் சண்டையில் அகப்பட்டது வயிறு! ஓடும் பேருந்தில் புத்தகம் படித்தால் தலைசுற்றுவதும் இவ்வாறே. அங்கே சாட்சிகள் மட்டும் இடம் மாறிவிடுகின்றன.

விளையாட்டு மட்டுந்தானா?

பெட்டியை இறக்கியபோது எனக்குத் தோன்றியது இது: நான் விழுந்தேன், ஆனால் அடிபடவில்லை. தவறு செய்தும் உயிர் தப்பும் இடம் இது!

விமானிகளுக்கு அப்படியோர் இடம் முன்பே கிடைத்துவிட்டது. தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் கருவியை 1929-ல் எட்வின் லிங்க் உருவாக்கினார். பட்டாசுத் தொழிலாளிக்கோ மருந்துக் கலவையில் ஓர் உராய்வு, ஒரு பொறி போதும். இரண்டாம் முறை முயலும் வாய்ப்பே இராது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். முதலில் எழுந்த தீயைப் பார்த்து உதவவும் வேடிக்கை பார்க்கவும் வந்த சுற்றுவட்டார மக்கள்! புகையைக் கண்டால் அருகே ஓடக்கூடாது என்பது தெரிந்த செய்திதான். ஆனால் பதறும் நேரத்தில் அறிவு சொல்வதைக் கால் கேட்பதில்லை. பழகியதையே அது செய்யும். மெய்நிகர் அறையில் பத்து முறை தீயைப் பார்த்து, பத்து முறை விலகி ஓடிய கால், பதினோராவது முறையும் விலகி ஓடக்கூடும்.

இதற்கும் எல்லை உண்டு. என் பெட்டியில் கந்தக நெடி இல்லை, வெக்கை இல்லை, கைக்குக் கம்பியும் தட்டுப்படவில்லை. தொடு உணர்வையும் சேர்க்கும் ஆராய்ச்சி சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்து வருகிறது. அதுவும் சேர்ந்தாலும், அறையில் அளவுக்கு மேல் ஆளும் மருந்தும் இருந்தால், எந்தக் கண்ணாடியும் காப்பாற்றாது. பயிற்சி, விதிமுறைக்குத் துணை, மாற்று அன்று.

நண்பர்களே! உங்கள் பள்ளிக்கு அப்படியொரு பெட்டி வந்தால், ராட்டினத்தில் ஏறி மகிழுங்கள். பிறகு யோசியுங்கள்: உங்கள் ஊருக்காக அதற்குள் எந்த அறையைக் கட்டுவீர்கள்?